மோராக்கின் மூச்சு

ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் மீன் கம்பெனியில் வேலை பார்த்துவந்தவள் மோராக். தீவு மொழியில் அவள் பாடிய பழம்பாட்டுகளை எடுத்து, அடியில் எலக்ட்ரானிக் தாளம் போட்டு ஒரு ஆல்பம் செய்திருந்தான் இன்னாசி. தூத்துக்குடியிலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்து, விழுந்து எழுந்து தொழில் கற்றவன். கற்றுக்கொடுத்த ரெஜினா அவனைவிடப் பத்து வயது இளையவள். அவன் அவளை டீச்சர் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

தீவில் ஆல்பத்தைப் போட்டுக்காட்டிவிட்டு நேரே அவளுடைய ஸ்டூடியோவுக்கு வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னண்ணே, ஊர்க்காரங்க அடிக்க வந்தாங்களா?"

"அடிச்சிருந்தாத் தேவலை. நாளைக்கு வெளியிடணும். தாளத்துல ஏதும் குறை இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, டீச்சர்."

ரெஜினா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். மறுபடி அதையே ஓடவிட்டாள்.

"கூடவே பாடுங்க."

"எனக்கு அந்த பாஷை ஒரு எழுத்துத் தெரியாதே!"

"லா லான்னு பாடுங்க."

பாடினான். முதலடி சுகமாகப் போனது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இரண்டாமடி வந்தது. மூன்றாமடியில் நெஞ்சு அடைத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"நிப்பாட்டுங்க! இதுல மனுஷன் எங்க மூச்சு விடுறது?"

"அந்தம்மா மூச்சு விட்ட இடமெல்லாம் எங்கே?"

"தாளம் தொய்யுதுன்னு வெட்டிட்டேன்."

ரெஜினா பாட்டை நிறுத்தினாள். அவன் தானாகவே பேசினான்.

"அங்கேயும் இதேதான். ஊரே கைதட்டுச்சு. மோராக் எந்திரிச்சு நின்னு கூடவே பாடினாங்க. பாதியில மூச்சு முட்டிப்போச்சு. 'கிழவியாயிட்டேன், என் பாட்டே எனக்கு முடியல, இனிமே மேடை ஏற மாட்டேன்'னு சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சந்தை இரைச்சலில் பேரம் பேசி வளர்ந்தவன் இன்னாசி. வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. இப்போது காதுமடல் கொதிக்கத் தரையைப் பார்த்தான்.

"'பரவாயில்லம்மா, வயசானா அப்படித்தான்'னு சொன்னேன்."

"காரணம் அப்ப தெரியலையா?"

"அவங்களுக்கு மூச்சு முட்டும்போதே தெரிஞ்சுபோச்சு."

ரெஜினா தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தொடவில்லை.

"பாதி இடத்துல மூச்சைத் திருப்பி வச்சிட்டாப் போதாதா, டீச்சர்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, சரி. எல்லாத்தையும் வச்சிடுறேன். முதல்ல எடுத்த பதிவு அப்படியே இருக்கு. வெளியீட்டையும் தள்ளிப்போடுறேன். போதுமா?"

"பாட்டுக்குப் போதும்ணே," என்றாள் ரெஜினா. "அந்தம்மாவுக்கு?"