இன்சூரன்ஸ் போட்ட ஒரு ரூபாய்

ஒரு ரூபாய்க் காசுக்கு இருபதாயிரத்துக்கு இன்சூரன்ஸ் போட்ட மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? நாகர்கோவில் இஸ்ரவேல் போட்டார். தபால் அலுவலகத்துப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசீது கொடுத்தாள். சிரிக்கட்டுமே! ஆண்டெண்ணுக்குக் கீழே இருக்கவேண்டிய சிறு குறி அச்சில் விழாமல் போன காசு அது. காசு சேர்ப்பவர்கள் நடுவே அதற்கு அடிதடி. மற்றவர் கண்ணுக்கு வெறும் டீக்கடைச் சில்லறை.

அதை விருதுநகர் செண்பகராஜுக்கு அனுப்பினார். விற்கவில்லை, இரவல்தான். மதுரையில் நடக்கப்போகும் நாணயக் கண்காட்சியில் நண்பனின் மேசை களைகட்டட்டும் என்ற ஆசை. இருவருக்கும் கல்யாணத்துக்கு முந்திய சிநேகம். வழியில் தொலைந்தால் இன்சூரன்ஸ் பணம் வரும்; கையெழுத்துப் போட்டு வாங்கியாகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு அத்தோடு முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்தபோது செண்பகராஜ் தம் கடையில் இருந்தார். மனைவி முத்துச்செல்வி கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு அவருக்குப் போன் செய்தாள்.

"பிரிச்சுப் பாரு செல்வி, பத்திரமா வந்திருக்கா?"

"ஒரு ரூபாதாங்க இருக்கு."

"அதேதான், அதேதான்!" என்று பூரித்துப்போய் போனை வைத்துவிட்டார் மனுஷர். அது என்ன காசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? எப்படிச் சொல்வார்! காசு வாங்குகிற செலவையெல்லாம் மனைவியிடம் மறைத்தே பழகியவராயிற்றே.

முத்துச்செல்வி அப்போது எதிர்வீட்டுக் கோமதியின் மகள் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது. கூட வைக்க ஒற்றை ரூபாய் இல்லை. வெறும் ஐந்நூறை யாராவது மொய் எழுதுவார்களா? பிரித்த பார்சலில் காசு பளிச்சென்று கிடந்தது. எடுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் ஐந்நூற்றொன்று என்று எழுதிக்கொண்டு, காசை மற்றக் காசுகளோடு போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் செண்பகராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மனைவியைத் திட்டக்கூட வாய் வரவில்லை. தப்பு யார்மேல் என்று அவருக்கே தெரியும். சிநேகிதன் நம்பிக் கொடுத்த பொருள், இனி அவன் முகத்தில் எப்படி விழிப்பது? இஸ்ரவேலுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"விடுலே மக்கா, ஒரு காசுக்காகவா கெடந்து அழுவ? இன்சூரன்ஸ் இருக்குல்லா! கவர் கிழிஞ்சு காலியா வந்துச்சுன்னு எழுதிக் குடு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார் இஸ்ரவேல். பாசம் ஒரு நேர்மையான மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்!

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த முத்துச்செல்வி போனைப் பிடுங்கினாள். "அண்ணே, கவர் முழுசா வந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டது நானு. பொய் எழுத மாட்டோம். உங்க காசு உங்க கைக்கு வந்துரும்."

"கோமதிகிட்ட மொய்யத் திருப்பிக் கேக்கப் போறியா?" என்று பதறினார் செண்பகராஜ். "அப்புறம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியுமா?"

"மொய்யக் கேட்டாத்தானே?" என்றாள் அவள்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்குப் போனவள் அந்தக் காசோடுதான் திரும்பினாள். மொய்யைத் திருப்பிக் கேட்கவில்லை; பொய் சொல்லவில்லை; கோமதிக்கு ஒரு பைசா நஷ்டமும் இல்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: முத்துச்செல்வி அங்கே என்ன கேட்டிருப்பாள்?

விடை: சில்லறை கேட்டாள், வேறென்ன! ஊரே ஒற்றை ரூபாய் வைத்த கல்யாண வீட்டில் காசுக்கா பஞ்சம்? "ஒரு ரூபாக் காசெல்லாம் எனக்குக் குடுங்கக்கா, நோட்டாத் தர்றேன்" என்றாள். "அள்ளிட்டுப் போ தாயி, எந்தக் கடையில மாத்துறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்" என்று கோமதி பாத்திரத்தோடு தூக்கிக் கொடுத்தாள். இரவல் பொருளை மொய் வைக்க முத்துச்செல்விக்கு ஏது உரிமை? ஆகவே அதைக் குவியலிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டதிலும் குற்றமில்லை. ஆனாலும் அன்றைக்கே கோமதியிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். கோமதி விழுந்து விழுந்து சிரித்தாள். காசைக் குவியலில் கண்டுபிடித்ததும் முத்துச்செல்விதான். புருஷனும் பெண்டாட்டியும் தரையில் உட்கார்ந்து, ஒரே லென்ஸை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துத் தேடினார்கள். கிடைத்தபோது செண்பகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுச் சொன்னாள்: "இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க. மறைச்சா செலவு பண்ணிருவேன்!"