சிலந்தி பிடித்த கதவு

முன்னொரு காலத்தில், மழை ஓயாத ஒரு மலைநாட்டில் மாசானம் என்ற விறகுவெட்டி இருந்தான். மனைவியை இழந்தவன். தும்பை என்ற தன் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போவான்.

அந்த நாட்டிலேயே கபாடன் என்றொரு மந்திரவாதியும் இருந்தான். அவன் "திற!" என்றால் எந்தக் கதவும் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் குழந்தையை மைனாவாக்கிக் கூண்டில் பாட வைப்பான். மூன்று முறை சொல்லியும் ஒரு கதவு திறக்காவிட்டால் அவன் மந்திரம் அத்தனையும் போய்விடும். அப்படி ஒரு கதவை யார் கண்டார்கள்!

ஒரு நாள் தும்பை சிரித்த சிரிப்பு கபாடன் காதில் விழுந்துவிட்டது.

மாசானம் ஓடினான். குடிசைக்குள் ஒளிந்தான். "திற!" மரக்கதவு திறந்தது. கோட்டைக்குள் ஒளிந்தான். "திற!" இரும்புக்கதவு திறந்தது. குகைக்குள் ஒளிந்தான். "திற!" பாறைக்கதவும் திறந்தது. ஒவ்வொரு முறையும் பின்வழியாகத் தப்பி, கடைசியில் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தான். பாசி படிந்த மண்சரிவுதான் இருந்தது. பள்ளம் பறித்தாவது பிள்ளையை மறைப்போம் என்று கோடரியை ஓங்கினான்.

"அண்ணே, அண்ணே! என் வீடு!"

மண்ணில் வட்டமாக ஒரு மூடி எழும்பியது. அடியில் ஒரு கருஞ்சிலந்தி. மாசானம் கோடரியைக் கீழே போட்டான்.

"தெரியாமப் பண்ணிட்டேன் தாயி. உள்ளே பிள்ளைங்க இருக்கா?"

"வளை நிறைய இருக்கு. உங்க முதுகுல?"

"ஒண்ணே ஒண்ணு. கபாடன் துரத்துறான்."

சிலந்தி வெளியே வந்தது. தன் நூலால் இருவரையும் தொட்டது. அப்பனும் மகளும் கடுகளவு ஆனார்கள்.

உள்ளே சுவரெல்லாம் பட்டு. சிலந்திக் குஞ்சுகளின் நடுவே தும்பையைக் கிடத்தினான். சிலந்தி கதவை மூடி, அதில் பல்லைப் பதித்து, கால்களைச் சுவரில் ஊன்றிக்கொண்டது.

காலடித் தடம் முடிந்த இடத்தில் கபாடன் நின்றான். "கதவு எங்கே இருந்தால் என்ன? திற!"

மண் அதிர்ந்தது.

"திற!"

கீற்றாக வெளிச்சம் உள்ளே விழுந்தது. "அண்ணே, கால் வழுக்குது!"

மாசானம் ஓடிப்போய் அந்தக் காலைத் தோளில் தாங்கினான். "விட்டுராதே தாயி. நான் இருக்கேன்."

"திற!"

கதவு திறக்கவில்லை.

எங்கோ ஒரு கூண்டு உடைந்தது. மைனாக்கள் குழந்தைகளாகி அம்மாக்களைத் தேடி ஓடின. கபாடன் வெறும் ஆளாக வந்த வழியே நடந்தான்.

தும்பையைத் தூக்கிக்கொண்டு மாசானம் வெளியே வந்ததும் இருவரும் பழைய உயரம் ஆனார்கள். நன்றி சொல்ல மாசானம் திரும்பினால் மூடியைக் காணோம். எது கதவு, எது கரை? பாசி பாசியாகவே இருந்தது. அந்தச் சரிவு முழுவதையும் பார்த்துக் கும்பிட்டான்.

மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது:

"பதமா நடந்து போங்கண்ணே. பிள்ளைங்க இப்பத்தான் தூங்குது."