வால் மறைவதற்குள்

வெள்ளிக்கிழமை ஒரு கப்பல் புறப்படுகிறது. அதில் ஓர் இடம்தான் காலி. கேட்பவர்களோ மூன்று பேர். அது யாருக்கு உரியது என்று கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். ஆகவே கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

மன்னார் வளைகுடாக் கரையில் கடலுயிர்களை ஆராயும் சிறிய ஆய்வகம் ஒன்று இருந்தது. அதன் தலைவி டாக்டர் ஞானசௌந்தரி. லட்சத்தீவுப் பக்கம் மூன்று வாரம் ஆய்வுக்குப் போகும் கப்பலில், தன்னோடு ஒருவரை அழைத்துச் செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது.

முதலில் கேட்டவள் ஆய்வு மாணவி தவமணி. நட்சத்திர மீனின் கரு வளர்ச்சியில் நான்கு வருடமாக உழைப்பவள். இந்தப் பயணம் தவறினால் ஆய்வு இன்னொரு வருடம் தள்ளிப்போகும். அடுத்தவர், கண்ணாடி அடித்தளப் படகில் சுற்றுலாக்காரர்களுக்குப் பவளப்பாறை காட்டும் சீனி இப்ராகிம். மூன்றாமவர் அமலோற்பவம். இருபத்தாறு வருடம் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்தவர். இப்போது ஆய்வகத்துக்குக் கடலுயிர் சேகரித்துக் கொடுக்கிறார்.

“மார்பளவுத் தண்ணியையே ஆயுசு முழுக்கப் பாத்துட்டேன் அம்மா. ஆழக்கடல ஒரு தடவ பாக்கணும்” என்றார் அவர்.

மூவரையும் மறுக்க மனமில்லாமல் டாக்டர் ஒரு போட்டி வைத்தார். “முதுகெலும்பு இல்லாத ஓர் உயிரைக் கொண்டு வாருங்கள். அப்படிப்பட்டவற்றில் மனிதனுக்கு மிக நெருங்கிய சொந்தமாக அது இருக்க வேண்டும். ஏன் சொந்தம் என்று, நீங்களே கண்ணால் கண்டதை வைத்துச் சொல்லவும் வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்க்கிறேன்.”

வியாழன் காலை எட்டு மணிக்கே அமலோற்பவம் ஒரு கண்ணாடிச் சாடியோடு வந்துவிட்டார். படகின் அடியில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை முந்தின நாள் சுரண்டி எடுத்துச் சாடியில் போட்டிருந்தார். நகமளவுத் தோல்பைகள் கொத்தாக ஒட்டியிருப்பது போன்ற உருவம். கண் கிடையாது, கை கால் கிடையாது. ஒவ்வொரு பையிலும் இரண்டு துளை. ஒன்றில் தண்ணீர் போகும், மற்றதில் வரும். அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் தவமணி மட்டும் இருந்தாள்.

“தாயி, இதக் கொஞ்சம் பாரு. விடிஞ்சதும் குஞ்சு விட்டிருக்கு. தலப்பிரட்ட மாதிரி வாலாட்டி நீந்துது” என்றார் அமலோற்பவம்.

தவமணி உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சாடியருகே பிடித்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும்: அந்தக் குஞ்சுகள் சற்று நேரந்தான் நீந்தும். பிறகு தலையை எங்காவது ஒட்டிக்கொண்டு வாலை உள்ளிழுத்துக் கரைத்துவிடும். பத்து மணிக்கு டாக்டர் வரும்போது சாடியில் வாலோடு ஒன்று மிஞ்சுவதே சந்தேகம்.

பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

சாடியை வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். பிறகு செல்போனை எடுத்தாள். “மேடம், பத்து மணி வரைக்கும் தாங்காது. இப்பவே வாங்க.”

டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். சொல்லியனுப்பியதும் இப்ராகிமும் ஒரு வாளியோடு வந்து சேர்ந்தார். நுண்ணோக்கியின் கீழ் துடித்துக்கொண்டிருந்த ஒரு குஞ்சை எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதன் வாலின் நடுவே விறைப்பான தண்டு ஒன்று நீளவாக்கில் ஓடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாடியில் இன்னொரு குஞ்சு கண்ணாடிச் சுவரில் தலையை ஒட்டியது. அதன் வால் குட்டையாகிக்கொண்டே வந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். “இனி ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்.”

இப்ராகிம் தன் வாளியைத் திறந்தார். உள்ளே பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். “மேடம், இதோட கண்ணப் பாருங்க, அப்படியே நம்ம கண்ணு. மூடி போட்ட டப்பாவத் திறந்து நண்ட எடுத்துத் திங்குது. என்னக் கண்டா கிட்ட வரும். வேற ஆள் வந்தா ஒளிஞ்சுக்கும். இதவிடச் சொந்தம் வேணுமா?”

தவமணி நட்சத்திர மீனைக் காட்டினாள். “பார்த்தால் ஐந்து கை, தலையே இல்லை. ஆனால் இதன் கருவில் முதலில் விழும் துளை கழிவுத் துளையாகிறது. வாய் பிறகுதான் வருகிறது. முதுகெலும்புள்ள உயிர்களுக்கும் அதே முறை. எத்தனையோ தடவை நானே பார்த்திருக்கிறேன்.”

அமலோற்பவம் தயங்கினார். “எனக்கு இதோட பேரு தெரியாது அம்மா. பெருசப் பாத்தா வெறும் தோல்பைதான். குஞ்சு வாலாட்டி நீந்துறதப் பாத்துத்தான் கொண்டாந்தேன். இப்பக் கண்ணாடில பாத்தா வாலுக்குள்ள ஒரு தண்டு ஓடுது. நமக்கும் முதுகுல தண்டு ஓடுதில்ல? அப்ப இது சொந்தந்தானே?”

“குழந்தையில இருந்தது பெருசானதும் இல்லாமப் போனா, அது என்னக்கா சொந்தம்?” என்று கேட்டார் இப்ராகிம்.

நல்ல கேள்விதான். அதற்கு டாக்டர் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூன்றில் எந்த உயிர் நமக்கு மிக நெருங்கிய சொந்தம்? கப்பலில் அந்த இடம், அறிவுள்ள உயிரைக் கொண்டுவந்த இப்ராகிமுக்கா, பெயர் தெரியாமலே கொண்டுவந்த அமலோற்பவத்துக்கா, சாட்சி அழியாமல் காத்த தவமணிக்கா?

விடை: பேய்க்கணவாயின் கண் நம் கண்ணைப் போன்றதுதான். ஆனால் அது தனி வழியில் தானாக உருவான கண். கணவாய் சிப்பிக்கும் நத்தைக்கும் உறவு. முட்தோலிகளைச் சேர்ந்த நட்சத்திர மீன் நமக்குப் பங்காளி முறை. அமலோற்பவத்தின் தோல்பையோ நம் வீட்டுக்குள்ளேயே இருப்பது. அந்தத் தண்டின் பெயர் முதுகுநாண். ஆயுளில் ஒரு பருவத்திலாவது அதை உடையவை முதுகுநாணிகள். அந்தக் கூட்டத்தில்தான் நாமும் இருக்கிறோம். நமக்கும் அது கருவில் இருந்து, பிறகு முதுகெலும்புக்கு இடம் விட்டு ஒடுங்கிப்போவதுதான். இப்ராகிமுக்கு டாக்டர் சொன்ன பதிலும் இதுவே. பெயர் தெரிய வேண்டும் என்று போட்டியில் நிபந்தனை இல்லை, கண்டு சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. அதனால் இடம் அமலோற்பவத்துக்கே. தவமணியின் நேர்மைக்குக் கப்பல் இடத்தைக் கூலியாகக் கொடுத்தால் அது அவளை அவமதிப்பதாகும் என்று டாக்டர் நினைத்தார். தவமணி அன்று மதியம் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை துறைமுகத்துக்கு வந்தபோதும் அவள் முகம் தெளியவில்லை. ஆனாலும் ஒரு பை நிறையக் காலிச் சாடிகளைக் கொண்டுவந்து அமலோற்பவத்தின் கையில் கொடுத்தாள்.

“அக்கா, எத எடுத்தாலும் விடிஞ்சதும் ஒரு தடவ பாருங்க.”

“பாக்குறேன் தாயி. என்னன்னு தெரியலேன்னா உனக்குத்தான் போன் போடுவேன். எடுப்பியா?”

“எடுப்பேன்” என்றாள் தவமணி.