மூன்று முறை கழுவியது

ஐம்பது வயதில் மறுபடி மாணவராகப் போய் உட்கார யாருக்கு மனசு வரும்? டாக்டர் ஞானதிரவியத்துக்கு வந்தது. பூவிழி என்ற ஆறு வயதுப் பிள்ளைக்காக வந்தது. மாதம் தவறாமல் காய்ச்சலில் விழுகிற பிள்ளை அது. அவளுடைய வெள்ளை அணுக்கள் கிருமியைக் கண்டும் சும்மா இருந்தன. ஏன் என்று அறிய, தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான ஆய்வாளர் மதிவதனியிடம் சேர்ந்து, மூன்று மாதம் குனிந்த தலை நிமிராமல் உழைத்தார்.

ஒரு நாள் காலையில் முடிவோடு வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். செல்லு மேல கிருமியை அடையாளம் பிடிக்கிற ஏற்பி இருக்கே, அவளுக்கு அதுவே பழுது. எலும்பு மஜ்ஜையை மாத்திடணும். அவ அம்மாகிட்ட இன்னிக்கே கையெழுத்து வாங்கிடறேன்."

மஜ்ஜையை மாற்றினால் பிள்ளை பிழைக்கலாம். அதிலேயே போய்விடவும் கூடும். அது இருவருக்கும் தெரியும்.

"எப்படிப் பாத்தீங்க டாக்டர்?"

"அவ ரத்தத்துல இருக்கிற செல்லோட மேல்சவ்வுலேர்ந்து ஏற்பியை மட்டும் தனியா எடுத்தேன். ஒட்டிக்கிட்டிருந்த கொழுப்பெல்லாம் போக மூணு தடவை கழுவினேன். கிருமித் துண்டைக் காட்டினேன். அசையவே இல்ல."

"பிள்ளை என்ன சொல்றா?"

"வாரா வாரம் உள்ள கூட்டிட்டு வந்து கேக்கறேன். வாயே திறக்க மாட்டேங்கறா. அம்மா கூட இருந்தா குழப்புவாங்கன்னு அவங்களை வெளியில உக்கார வெச்சிடுவேன்."

மதிவதனி ஊசியை எடுத்து, டாக்டரின் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார்.

"இதையும் அதே மாதிரி கழுவிப் பாருங்க."

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்து நின்றார். அவருடைய ஏற்பியும் அசையவில்லை.

"உங்களுக்கும் மஜ்ஜையை மாத்திடலாமா?"

டாக்டரின் முகம் செத்துப்போயிற்று.

"கழுவின தண்ணி எங்க?"

"சிங்க்ல கொட்டிட்டேன்."

"இந்தத் தடவை கொட்டாதீங்க."

இருவர் ரத்தத்தையும் புதிதாக எடுத்துக் கழுவினார்கள். கழுவி வந்த தன் கொழுப்பை டாக்டர் தன் ஏற்பியோடு திரும்பச் சேர்த்தார். கிருமித் துண்டைக் காட்டியதும் கருவியின் திரையில் கோடு எழும்பியது. பூவிழியின் ஏற்பியையும் தன் கொழுப்பிலேயே வைத்துப் பார்த்தார். அதுவும் எழும்பியது. அவளுடைய கொழுப்பில் வைத்ததும் அடங்கிவிட்டது.

கையெழுத்துக்கு வைத்திருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பழுதில்லாத ஒன்றைப் பழுதென்று சொல்லி ஒரு பிள்ளையைக் கொன்றிருப்போமே என்ற பயம்தான் அவரை உலுக்கி எடுத்தது. கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப கிருமியை அடையாளம் பிடிக்கிறது எது மேடம்? ஏற்பியா, கொழுப்பா?"

மதிவதனி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் பூவிழியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பூவிழி. அம்மாவின் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ரெண்டு பேரையும் சேத்தே உள்ள கூப்பிடுங்க டாக்டர்."