பூந்தொட்டி ஸ்டாண்டின் நாலாவது கால்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. காரைக்குடிப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பில் இருக்கும் என் கல்லூரித் தோழி சொன்னது. அவள் சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

பழைய சாமான் கடையில் அடைக்கலத்துக்கு அன்றுதான் முதல் நாள். சுமை தூக்க உடையப்பனையும் சாத்தையாவையும் கூட்டி வந்திருந்தார். முதலாளி மூவரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "மேசையோ நாற்காலியோ, எதைக் கொண்டுபோனாலும் நாலு காலும் பத்திரமாப் போய்ச் சேரணும். ஒண்ணு குறைஞ்சாலும் நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

அன்றைக்கு விடுதிக்குப் போகவேண்டியது ஒரு பூந்தொட்டி ஸ்டாண்டு. நூறு வருஷத்துப் பழசு. கிரேக்கக் கோயில் தூணைப் பார்த்துச் செதுக்கிய தேக்குத் தண்டு, மேலே வட்டப் பலகை, அதைச் சுற்றி இலைக்கொத்து, அடியில் சிங்கப் பாதம் வைத்த மூன்று கால்கள்.

பாதி வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோதுதான் அடைக்கலம் காலை எண்ணினார். மூன்று. அந்தப் பக்கம் போய் நின்று எண்ணினார். அப்போதும் மூன்று. அவர் டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார். இந்த வேலைக்காக ஆறு மாதம் அலைந்திருந்தார்.

"நாலாவது, வழியில இறங்கிப் போயிருக்கும்ணே" என்றான் உடையப்பன்.

"ஒத்தக் கால் எப்படிடா போகும்?"

"நொண்டிக்கிட்டேதான். ரொம்ப தூரம் போயிருக்காது."

அடைக்கலத்துக்கு அது நியாயமாகப் பட்டது. டீக்கடைக்காரரிடம் கேட்டார்: "அண்ணே, இந்தப் பக்கம் சிங்கக்கால் ஒண்ணு போச்சா?"

"சிங்கமே போகலையேப்பா."

இரண்டு மணி நேரம் கருவேலங்காட்டில் தேடினார்கள். முள் குத்தியதுதான் மிச்சம். அடைக்கலம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"என் காலை வச்சுக்கங்கண்ணே" என்றான் சாத்தையா.

அடைக்கலத்துக்குக் கண் கலங்கியது. உடையப்பன்தான் யோசித்தான். "இவனுக்கு ரெண்டு காலுண்ணே. மொத்தம் அஞ்சாயிரும். முதலாளி நாலுன்னுல்ல சொன்னாரு?"

"ஒண்ணை மடக்கிக்கிறேன்."

விடுதிக் கூடத்தில் ஸ்டாண்டை இறக்கினார்கள். பக்கத்தில் சாத்தையா ஒற்றைக்காலில் நின்றான். காவல்காரர் குனிந்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." அடுத்து சாத்தையாவின் பாதத்தைத் தொட்டார். "நாலு. சரியா இருக்கு." கையெழுத்துப் போட்டார். நாலாவது கால் மட்டும் வேட்டி கட்டியிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நானும் வரட்டாண்ணே?" என்றான் சாத்தையா.

"கையெழுத்து வாங்கியாச்சுடா. இப்ப நீ அவுக சாமான். கழட்டிக்கிட்டுப் போனா திருட்டுக் கேஸாயிரும்."

கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தேகம். போன வாரம் நேரில் போய், சாத்தையா சாப்பிடப் போகும்போது என்ன செய்கிறீர்கள் என்று காவல்காரரிடம் விசாரித்தேன்.

பூந்தொட்டியைக் கீழே இறக்கி வைத்துவிடுகிறார்கள். வெறும் மூன்று காலை நம்பி அதை எப்படி விட்டுவைப்பது என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.