முதல் விசில்

தண்ணீர் ஊற்றாமல் பெரிய குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, "நானா? நான் இல்லையே" என்று கையை உதறிக்கொண்டு போனீரே புண்ணியவானே, உமக்குத்தான் இந்தக் கதை.

ஓர் ஊரில் ஒரு மெஸ். அதன் அடுப்படியில் பத்து லிட்டர் அம்மா குக்கரும் மூன்று லிட்டர் மகள் குக்கரும் இருந்தன. அம்மா வெறும் வயிற்றோடு தீயில் காய்ந்து, மூடி பறந்து கூரையில் மோதியது மகள் வருவதற்கு முன் நடந்த கூத்து. மூடியை மாற்றினார்கள். நெளிந்த அடியைத் தட்டி நிமிர்த்தி அலமாரியில் ஏற்றினார்கள். நடுக்கத்தை எவரும் தட்டி எடுக்கவில்லை. லைட்டர் 'டிக்' என்றாலே அவளுக்குக் கைப்பிடி உதறும்.

மகளுக்கு அவள் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம். "உள்ளே ஆவி சேரவே விடாதடி. லேசா சுட்டதும் விசிலை விட்டுடு."

மகளும் விட்டாள். சமையல்கார அமலி மூன்று விசில் எண்ணி அடுப்பை அணைப்பாள். திறந்தால் அரிசி அரிசியாகவே கிடக்கும்.

"இது சோறா, ஜல்லியா?" என்றார்கள் சாப்பிட வந்தவர்கள்.

அமலிக்கு ரோசம் வந்துவிட்டது. "இன்னைக்கும் இப்படின்னா, இதைப் பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுட வேண்டியதுதான்!"

பக்கத்து அடுப்பில் தோசைக்கல்லுக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று கடை மாறி, அடிபட்டு, தானாகவே பழகிய கல் அது. பேரம் பேசாமல் ஒரு தோசையைக்கூட விட்டுக்கொடுக்காது.

"ஏ குட்டி, எதைப் பார்த்துடி இந்தப் பயம்?"

"தெரியலையே மாமா."

"நீ என்னைக்காவது வெடிச்சிருக்கியா?"

"இல்லை. அம்மாதான்..."

"அவ வெடிச்சதுக்கு நீ ஏன்டி கத்துற? சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். முதல் விசிலை மட்டும் பிடிச்சு வை. நான் ரெண்டு தோசை போடுற வரைக்கும்."

"ஒண்ணு."

"அட, என்கிட்டயே பேரமா! சரி, ஒண்ணு. ஆனா ஊத்தப்பம்."

அடுப்பு எரிந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"விட்டுடுடி! விட்டுடு!" அலமாரியிலிருந்து அம்மா அலறினாள்.

"சும்மா இரு அக்கா, ஊத்தப்பத்தை இன்னும் திருப்பவே இல்லை" என்றது கல்.

மகள் மெல்லத் தன் உள்ளே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா, எனக்குள்ள தண்ணி இருக்கும்மா."

அலறல் நின்றது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு விசில், தெருநாயே எழுந்து உட்கார்ந்தது! மூன்றாவது முடிந்து திறந்தபோது சோறு பொலபொலவென்று சிரித்தது. பந்தியில் எல்லாரும் இரண்டாம் முறை கேட்டார்கள். அமலி குட்டிக் குக்கரைச் செல்லமாகத் தட்டினாள். தோசைக்கல் தானே விசில் விட்டதுபோல நெளிந்தது.

"அப்போ எனக்கு மட்டும் ஏன் தண்ணி இல்லை?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

எதற்கும் விலை சொல்லத் தெரிந்த கல் அடுத்த தோசையைப் பார்க்கப் போனது. கல் சொல்ல வேண்டிய பதிலா அது?

வாருமய்யா வெளியே, புண்ணியவானே. மகள் தன் பங்கைத் தானே முடித்துக்கொண்டாள். நீர் வந்து, அவள் பார்க்க, உம் கையால் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றும். "மறந்தது நான்தான்" என்று வாய்விட்டுச் சொல்லும். இதில் பேரம் கிடையாது.