மோதினார் மாமாவின் முழங்கால்

பீடி இலை வெட்டும்போது வாய் சும்மா இருக்கும், காது சும்மா இருக்காது. மடியில் முறம், இலைமேல் தகடு, கையில் கத்தரி. எங்கள் வாசலுக்கு நேர் எதிரேதான் மோதினார் மசூது மாமா வீட்டு முன்னறை. நேற்று அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

மாமா சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் முறிந்துபோனது. கட்டுப் பிரித்து ஒரு மாதம். எலும்பு கூடிவிட்டது, கால்தான் மடங்க மாட்டேன் என்கிறது. முப்பது வருசம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னவர், இப்போது வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறார். நோன்பு பிறக்க இருபது நாள். அதற்குள் நெற்றி தரையில் பட வேண்டும். அது ஒன்றுதான் அவருக்குக் கவலை.

பயிற்சி கொடுக்க சுகாதார நிலையத்திலிருந்து சுகிர்தா வருகிறாள். மாமாவின் கடைசி மகளைவிடச் சின்னவள். ஆனாலும் அவள் வந்தால் மாமா தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

நேற்று ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, பாதத்தில் துண்டை மாட்டி, குதிகாலைத் தன் பக்கம் இழுத்துக் காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாத்தியாம்மா? போன வாரத்துக்கு நாலு விரல் கூட."

சுகிர்தா தொடையை அமுக்கிப் பார்த்தாள்.

"கால் வந்திருக்கு பாய். தொடை வரல. கல்லு மாதிரி இருக்கு."

"அப்போ நாலு விரல் எப்படி வந்துச்சாம்?"

"வலியைப் பொறுக்கப் பழகிட்டீங்க."

உள்ளேயிருந்து சபுரா மாமி, "அவரா பொறுக்காரு? படுத்தா முனகுறது எனக்குல்லா கேக்கு" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றவர் சுகிர்தாவிடம் கேட்டார். "வலிக்காம எது வரும்? இன்னும் பலமா இழுத்தா தொடையும் வராதா?"

"ஓதிக்கிட்டே இழுங்க பாய்."

"என்னத்த?"

"உங்களுக்குப் பிடிச்சதை."

மாமா ஓதத் தொடங்கினார். மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல். துண்டை இழுத்தார். இன்னும் இழுத்தார். ஓரிடத்தில் குரல் மெலிந்து, மூச்சில் சிக்கி நின்றது.

"துண்டை ஒரு விரல் அளவு தளர விடுங்க."

விட்டார். குரல் திரும்ப வந்தது.

"இழுவை தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"இந்த இடந்தான். இங்கயே இருந்து ஓதி முடிங்க."

முடித்தார். கொஞ்சம் விட்டு, மறுபடி. அப்புறம் இன்னொரு தடவை. நான்காவது தடவை முடிந்ததும், "தொடையைத் தொட்டுப் பாருங்க" என்றாள்.

அமுக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு பக்கமும் அமுக்கி, "கல்லு இளகிருக்கே" என்றார். நானும் கத்தரியை நிறுத்திவிட்டேன். இத்தனை சின்னப் பிள்ளைக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்ததோ.

"இப்படி மெதுவாப் போனா நோன்புக்குள்ள நெத்தி தரையைத் தொடுமாம்மா?"

சுகிர்தா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாள் சொல்ல முடியாது பாய். தொடுற அன்னைக்கு ஓதுறதுக்குக் குரல் மிச்சம் இருக்கணும்லா."

மாமா அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்தார். பிறகு துண்டைப் பாதத்தில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, பாங்கிலேகூட நான் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில் ஓதத் தொடங்கினார். இருங்கள், என் சின்னவன் முழித்து உம்மா உம்மா என்கிறான், தொட்டிலிலிருந்து இவனை எடுக்க வேண்டும்.